சாக்கு ரூமில் ஆத்தா

இந்த வயசில் உனக்குப் பேய்ப்படம் கேட்குதா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மலையில் ஏலக்காய் பறித்து வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வெரசாப் புரியும். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் முடிகிறது.

போன மழைக்காலத்தில் என் தம்பி தேவாரத்திலிருந்து போடிக்குப் பல் கட்ட வந்திருந்தான். மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். புதுப் பல் வருகிறவரைக்கும் எங்கே பஸ்ஸில் போய் வருகிறாய், இங்கேயே கிட என்று சொல்லி என் வீட்டில் நிறுத்திக்கொண்டேன். சின்ன வயசில் எங்களைப் பிரித்த பிறகு, ஒரே கூரைக்குக் கீழே இத்தனை நாள் சேர்ந்து இருந்தது அப்போதுதான். காலையில் கஞ்சி, மதியம் குழையக் குழையச் சோறு. பேசுவதற்குத்தான் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மழை, மாடு, மக்காச்சோளம், யானை வந்ததா வரலையா, அத்தோடு சரி.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. பேத்திக்குக் காலேஜ் லீவு. எங்கள் இரண்டு பேரையும் டி.வி. முன்னால் உட்கார வைத்தாள்.

"அப்பத்தா, தாத்தா, ஒரு பேய்ப்படம் போடுறேன். வெளிநாட்டுப் படம், ஆனா தமிழ்லதான் பேசுவாங்க. பயந்து எந்திரிச்சுப் போகக் கூடாது."

"பல்லில்லாம நான் சிரிச்சா அந்தப் பேயி பயந்து ஓடும். போடு நீ" என்றான் தம்பி.

கதை இவ்வளவுதான். ஒரு மேட்டின் மேல் பெரிய பழைய வீடு. அப்பா அம்மா இல்லை. ஒரு அக்கா, ஒரு தம்பி. அரைமணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அக்கா மாடிப்படி ஏறுகிறாள். ஏறிக்கொண்டே இருக்கிறாள். திரைச்சீலை ஆடுகிறது. சின்னப் பையன் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சுவரில் ஒன்றும் இல்லை.

"இம்புட்டுப் பெரிய வீட்டுல ரெண்டு சின்னதுக. பாதிய வாடகைக்கு விட்டா என்னவாம்?" என்றான் தம்பி.

"தாத்தா, சும்மா இருங்க. இது மெதுவாத்தான் போகும். மெல்ல மெல்ல ஏறி, கடைசியில தூக்கிப் போடும்."

"அது ஏறுறதுக்குள்ள எனக்குப் பல்லே வந்துரும்."

நானும் சிரித்தேன். ஆனால் படத்தில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூட்டம் இறங்கியது. மரம் தெரியவில்லை, வேலி தெரியவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்த மூட்டத்தையும் எனக்குத் தெரியும், அப்படிச் சுவரைப் பார்த்து நிற்கிற பிள்ளையையும் தெரியும்.

எங்கள் அய்யா மலையில் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோருக்குத் தீப் போடுகிறவர். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்த பச்சை ஏலக்காயை வாட்டி எடுக்கிற கட்டடத்தை அங்கே அப்படித்தான் சொல்லுவோம். உள்ளே ஒரு பெரிய ரூம், அதில் கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக. வெளியே கல் அடுப்பு. அடுப்பின் சூடும் புகையும் ஒரு பெரிய தகரக் குழாய்க்குள் புகுந்து, ரூமைச் சுற்றி வந்து, கூரைக்கு மேலே போய்விடும். காய்க்குச் சூடு மட்டும்தான் வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் வெளுத்துப்போகும், அப்புறம் போடி வியாபாரி முகம் சுளிப்பான். அதனால் கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு, எங்கேயும் ஒரு கீற்று வெளிச்சம் வராமல் சாக்குத் துணியைத் திணித்து மண் பூசி அடைத்திருப்பார்கள்.

ஆத்தா காயெடுக்கப் போவாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணி, இடுப்பில் கூடை. செடியின் அடியில் குனிந்து குனிந்து எடுக்கிற வேலை. அட்டைப் பூச்சி ஏறாமல் இருக்கக் காலில் சுண்ணாம்பு தடவியிருப்பாள். சாயங்காலம் அவள் சோறு பிசைந்து கொடுத்தால் சோற்றிலும் காய் வாசனை அடிக்கும். கையில் காய்ப் பிசின் கறுப்பாக ஒட்டியிருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது. இன்றைக்குக் கடையில் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிப் போட்டால் எல்லாருக்கும் பாயச வாசனை வரும். எனக்கு ரசஞ்சோறு ஞாபகம் வரும்.

எனக்கு ஒன்பது வயசு, தம்பிக்கு ஆறு. அந்த வருசம் மழை தொடங்கிக் காய்ச் சீசன் ஆரம்பித்ததுமே ஆத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. கீழே கொண்டுபோக ஜீப்பு வருகிறதுக்குள், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டாள். அது போதாது என்று, போன நட்சத்திரமும் சரியில்லை என்றார்கள். சதயம். ஆறு மாசம் அடைப்பு.

அடைப்பு உங்களுக்குத் தெரியும். ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால், அந்த வீட்டை இத்தனை மாசம் பூட்டி முள் வைத்துவிட வேண்டும், அதில் ஆள் குடியிருக்கக் கூடாது. தேவாரத்திலிருந்து காரியத்துக்கு வந்த பெரியம்மாதான் முதலில் சொன்னது.

"இந்தா பாரு கொழுந்தா, இந்த நட்சத்திரத்துல போனவ வெரசாப் போகமாட்டா. வீட்டையே சுத்திக்கிட்டு நிப்பா. பிள்ளைகள இதுல படுக்கப் போடாத. அதுலயும் ஆம்பளப் பிள்ள, அவ உசுரு அவன்மேலதான்."

எங்கள் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தி இலந்தை முள்ளை வைத்துக் கட்டினார்கள். ஆத்தாளுடைய கொங்காணி உள்ளே ஆணியில் தொங்கியது. அவள் சீப்பு, கைக்கண்ணாடி, எனக்குத் தைத்துக்கொண்டிருந்த பாவாடை, எல்லாம் உள்ளேயே போச்சு. ஆறு மாசம் கழித்துத் திறந்தபோது எலி கடித்த துணிதான் இருந்தது. கண்ணாடி எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

சீசன் நேரம். கீழேயிருந்து காயெடுக்க வந்த ஆட்களால் எல்லா லயமும் நிறைந்திருந்தது. அப்போது கங்காணி ஒரு வழி சொன்னார். "ஸ்டோர ஒட்டுன சாக்கு ரூம் சும்மாதான கெடக்கு. அடுப்புச் சூட்டுல கதகதன்னு இருக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் குளிருக்கு அதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?" நல்ல மனசோடுதான் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

சாக்கு ரூமுக்கும் காய் வாட்டுகிற ரூமுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் குழாய் ஓடும். ஜன்னல் கிடையாது. காலிச் சாக்குகளை மெத்தை மாதிரி போட்டு நானும் தம்பியும் படுத்துக்கொள்வோம். வெளியே மழையும் ஊதக்காற்றும். உள்ளே ஆத்தா மடியில் இருக்கிற மாதிரி சூடு. முதல் ஒன்றிரண்டு வாரம் எங்களுக்கு அது அரண்மனைதான். அய்யா எங்களோடு உள்ளே படுக்கமாட்டார். தீயைப் பார்க்க வேண்டுமே, அடுப்பு வாசலிலேயே தாழ்வாரத்தில் சாக்கை விரித்துக் குந்தியிருப்பார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. படத்தில் வந்த மாதிரிதான், மெல்ல மெல்ல.

காலையில் எழுந்தால் தலை பிளக்கும். தம்பி சாப்பிட்டதை வாந்தி எடுப்பான். சுவருக்குள்ளே யாரோ டொக் டொக் என்று தட்டுவார்கள். அது தகரம் சூடேறுகிற சத்தம் என்று அய்யா சொன்னார், எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டோர் நாய் ஒன்று இருந்தது, மழையில் நனைந்து நடுங்கும், ஆனாலும் சாக்கு ரூமுக்குள் கூப்பிட்டால் வராது. வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போய்விடும். அதோடு அந்தச் சுவர். வெள்ளை அடித்த சுவரில் மேலே ஒரு இடத்தில் கறுப்பாகக் கறை வந்தது. முதலில் ஒரு கை அகலம். அப்புறம் கீழே நீண்டது. தலைமயிரை விரித்துப் போட்டு ஒரு பொம்பளை நிற்கிற மாதிரி ஆனது.

ஒரு மத்தியானம், இதே மாதிரி மழை. வெளியே மூட்டம். காயெடுப்பு அதிகம் என்பதால் அடுப்பு நல்ல எரிச்சல். தம்பி சாக்கின் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஆத்தா வந்திருக்கா."

"எங்கடா?"

"இந்தா நிக்கிறால்ல. கொங்காணி போட்டிருக்கா."

நானும் பார்த்தேன். இது பொய் இல்லை. தலை கனத்து, கண் சொருகி, காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. அந்தக் கறை அசைந்தது. ஆத்தாதான். பேசவில்லை. நான் தம்பியின் கையைப் பிடித்தேன், அது வாழைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தது. எப்படியோ இழுத்துக்கொண்டு வெளியே வந்து மழையில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. ஆத்தாளும் இல்லை.

பெரியம்மாளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அவள் வந்தாள். அதற்குள் லயம் முழுக்கப் பேச்சு. காய் வராத நாளில் அடுப்பு எரியாது, அன்றைக்கு ஆத்தா வரமாட்டாள். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "செத்தாலும் மலைக்காரிதான, அவளுக்கும் குளிரும்ல. கதகதன்னு இருந்தாத்தான் வர்றா" என்றாள் பக்கத்து லயத்து அக்கா. அதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

பெரியம்மா சாக்கு ரூமைச் சுற்றிப் பார்த்தாள். "இடுக்கு இருந்தா நுழைஞ்சுருவா" என்று சொல்லி, கதவுக்கு அடியில், நிலைக்கு மேலே, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில், இருந்த சந்துபொந்தெல்லாம் சாக்கைத் திணித்தாள். நானும் கூட நின்று கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். அய்யா, பிள்ளை நடுங்குகிறான் என்று அடுப்பில் இன்னும் நாலு கட்டையைத் தள்ளினார். மறுநாள் காலையில் தம்பியை எழுப்ப முடியவில்லை. முகம் ரோஸ் நிறமாகச் சிவந்து, வாய் திறந்து கிடந்தான்.

அன்றைக்கே கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். ஸ்டோர் முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில்தான் நடந்தது. தம்பியைத் தூக்கிவந்து மணைமேல் உட்கார வைத்து, விழாமல் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். உடுக்கைச் சத்தம் மலைக்கு மலை திருப்பி அடித்தது. வேலைக்குப் போகாமல் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"யாரு நீ? சொல்லு! இந்தப் பச்சப் பிள்ளைமேல வந்து நிக்கிற நீ யாரு?"

தம்பி கண்ணைத் திறக்காமல் முனகினான். "ஆத்தா..."

கூட்டம் அப்படியே பின்னால் நகர்ந்தது. கோடாங்கி உடுக்கையை நிறுத்தினான். "கேட்டீகளா? அவளே வாயத் தொறந்து சொல்லிட்டா. பிள்ளையக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கா."

அய்யா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல இருந்தது. பிள்ளைக்கு முடியவில்லை, அவன் ஆத்தாளைக் கூப்பிடுகிறான், காய்ச்சலில் நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அத்தனை பெரிய ஆட்களுக்கு நடுவில் ஒன்பது வயசுப் பிள்ளை அதை யாரிடம் சொல்ல?

தம்பியின் உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்து, ஜீப்பு ரோட்டு வளைவில் நின்ற ஒரு மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். ஆத்தாளை அதில் கட்டியாச்சு என்றான் கோடாங்கி. கட்டினாலும் பிள்ளை இந்த மலையில் இருக்கக் கூடாதாம். அன்று மத்தியானம் காய்மூட்டை ஏற்றின லோடு ஜீப்பில், மூட்டைக்கு மேல் பெரியம்மா உட்கார்ந்து, மடியில் தம்பியை வைத்துக்கொண்டு போனாள். அவன் பாதித் தூக்கத்தில் என்னைப் பார்த்தான். அழக்கூட இல்லை.

கீழே போன அந்த வாரத்திலேயே பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான் என்று சேதி வந்தது. என்னைப் பக்கத்து லயத்து அக்கா தன் வீட்டில் படுக்கப் போட்டுக்கொண்டாள், எனக்கும் தலைவலி போன இடம் தெரியவில்லை. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? கோடாங்கிக்கு அய்யா வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அடைப்பு முடிந்தது. தம்பி திரும்பி வரவில்லை. பெரியம்மாளுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் அவனைத் தரையில் விடாமல்தான் வளர்த்தாள். "மேல அனுப்பிட்டு எதாவது ஆனா யாரு பதில் சொல்றது?" என்று அவள் கேட்டால் அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மலை ஏறிவிடுவார். திருவிழாவுக்கு நான் கீழே போனால் அவன் என்னை விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.

நான் மட்டும் அந்த மரத்துக்கு யாருக்கும் தெரியாமல் போவேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஓடையில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் வேரில் ஊற்றுவேன். கட்டிப் போட்டவளுக்குத் தாகம் எடுத்தால் யார் கொடுப்பார்கள்? பின்னால் ரோட்டை அகலம் பண்ணினபோது மரத்தை வெட்டிவிட்டார்கள். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி, போடிக்கு வந்து, வியாபாரி வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற சோலியில் இருந்தேன். கேள்விப்பட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சீசன் முடிந்து கோடையில் ஸ்டோரைப் பழுது பார்த்தார்கள். தகரக் குழாயைக் கழற்றி முற்றத்தில் போட்டிருந்தார்கள். சாக்கு ரூம் பக்கத்துத் துண்டில் துரு தின்று ஒரு ஓட்டை. என் கை உள்ளே போகும். சுவரின் மேல்பக்கமும் கல் பெயர்ந்து சந்து விட்டிருந்தது. ஆட்கள் தகரத்தை மாற்றி, சந்தைப் பூசி, கறையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். ஸ்டோரில் எங்கே பார்த்தாலும் புகை வாடைதான், அதில் எது கூடுதல் எது குறைச்சல் என்று யாருக்குத் தெரியும்? நானும் பார்த்தேன், மறந்தேன்.

தம்பி பெரிய ஆள் ஆனான். மக்காச்சோளக் காட்டில் யானை இறங்கினால் தகரத்தைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவன் அவன். ஆனால் ஆத்தா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். அவளுக்கு ஒரு படையல் போட்டதில்லை. மகள் பிறந்தபோது ஆத்தா பேரை வைக்கலாமே என்று அய்யா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "என்னையக் கொல்ல வந்தவ பேரையா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இதெல்லாம் டி.வி.யைப் பார்த்தபடியே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் இப்போது அந்த அக்காளுக்குப் பயம் முற்றிவிட்டது. துணியைக் கிழித்துக் கதவுக்கு அடியில் திணிக்கிறாள். ஜன்னல் இடுக்கில் திணிக்கிறாள். குளிருக்கு இரும்பு அடுப்பில் கரியைப் போட்டு மூட்டுகிறாள். தம்பிப் பையன் அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடுகிறான். பின்னால் சுவரில் ஒரு நிழல் எழுந்து வருகிறது.

பேத்தி பயப்படவே இல்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பேயே வேணாம் இதுகளுக்கு. எல்லாத்தையும் அடைச்சுட்டு உள்ள கரியடுப்பு வச்சா புகையே கொன்னுரும். டூர் போன எடத்துல குளிருக்கு அப்பிடித் தூங்கி எந்திரிக்காமப் போனாங்கன்னு நியூஸ்ல வருதுல்ல. செத்துப் போறதுக்கு முன்னாடி தலைவலி, வாந்தி, அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம்."

என் கை தானாக நெற்றிக்குப் போனது.

தகரக் குழாயின் ஓட்டை. சுவரில் சந்து. அடுப்பு எரிகிற நாளில் மட்டும் வருகிற ஆத்தா. வெளியே வந்து மழையில் நின்றதும் தெளிந்த தலை. உள்ளே வராத நாய். தாழ்வாரத்தில் கிடந்து ஒன்றும் ஆகாத அய்யா. பிள்ளை நடுங்குகிறான் என்று அவர் தள்ளின நாலு கட்டை. அய்யோ, அவர் இது தெரியாமலே போய்ச் சேர்ந்தது நல்லதுதான். ஆத்தா படுத்த வீட்டில் ஆகாது என்று முள் வைத்துப் பூட்டிவிட்டு, எங்களைக் கொண்டுபோய் எங்கே படுக்க வைத்திருக்கிறார்கள்!

திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் நிழல் வந்ததும் அப்படி ஆகியிருக்கிறான். எழுந்துபோகப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போனால் போனதுதான். பல்லைக் கட்டிக்கொண்டு தேவாரம் போய்விடுவான். பெற்றவள் என்னைக் கொல்ல வந்தாள் என்ற நினைப்போடேயே ஒருநாள் கண்ணையும் மூடிவிடுவான். அவளுக்காகப் பேச இந்த உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

மழை வலுத்தது. பேத்தி படத்தை நிறுத்திவிட்டு மாடியில் துணி எடுக்க ஓடினாள். திரையில் அந்த நிழல் பாதியில் நின்றது.

"தம்பி, உக்காரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் எழுந்துவிட்டான். வேட்டியைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் அவனை நான் அப்படி இழுத்ததில்லை.

"என்னக்கா?"

"பாப்பா சொன்னத கேட்டியா? அந்தப் புகை."

"ஆமா, படம். அதுக்கென்ன?"

"நம்ம சாக்கு ரூம்லயும் அதான்டா அப்பு. குழாயில ஓட்டை இருந்துச்சு. என் கையே உள்ள போச்சு. சீசன் முடிஞ்சு கழட்டிப் போட்டப்ப நான் என் கண்ணால பாத்தேன். சுவத்துல சந்து இருந்துச்சு. நீயும் நானும் அந்தப் புகையக் குடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கோம்."

அவன் நின்றபடியே இருந்தான். நான் சொல்லிக்கொண்டே போனேன். எங்கிருந்து அத்தனை பேச்சு வந்தது என்று தெரியவில்லை. அடுப்பு எரியாத நாளைச் சொன்னேன். நாயைச் சொன்னேன். கறையைச் சொன்னேன், அது கரிப்புகை படிந்தது என்றேன். கோடாங்கி கேட்டதையும் மணைமேல் இவன் முனகினதையும் சொன்னேன்.

"ஆத்தான்னு சொன்னது நீதான்டா. வேற யாரும் உனக்குள்ள இருந்து சொல்லல. ஆறு வயசுப் பிள்ள, முடியல, ஆத்தாளக் கூப்பிட்ட. அம்புட்டுத்தான். அதுக்குப் போயி அவளக் கட்டி ஆணி அடிச்சுட்டாங்க."

தம்பி மெல்ல உட்கார்ந்தான். துண்டை மடித்தான், பிரித்தான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி இறங்கவில்லை. வேறு என்னவோ வந்தது.

"அப்ப, அவ வரவே இல்லையாக்கா?"

எனக்கு அது யோசனையிலேயே இல்லை. பயந்துகொண்டிருந்தாலும் அவனுக்கு ஆத்தா என்று இருந்தது அந்த ஒரு சுவர்தான். வந்து நின்று தன்னையே பார்த்தவள். மற்றதெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்லை. அதையும் நான் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டேனே.

"வரலப்பு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "செத்தவ எப்பிடி வருவா. ஆனா உசுரோட இருந்தப்ப ஒன்ன இடுப்ப விட்டு எறக்கினதில்ல. ஒரு பக்கம் காய்க்கூடை, ஒரு பக்கம் நீ. கங்காணி ஏசுவாரு. அதுக்கு அவ, 'ரெண்டும் எனக்கு ஒரே வெயிட்டுதான், எறக்கச் சொன்னா கூடையத்தான் எறக்குவேன்'ன்னு சொல்லுவா."

தம்பி சிரித்தான். சிரிப்பு அப்படியே வாய்க்குள் கோணிக்கொண்டது. "கங்காணிட்டயேவா?"

"வாய் ஜாஸ்திடா அவளுக்கு. எனக்குத்தான் வரல."

அப்புறம் அவன் கேட்டான். கதவு பக்கம் பார்த்துக்கொண்டு, பேத்தி வந்துவிடுவாளோ என்ற கூச்சத்தோடு கேட்டான்.

"அவ என்னைய எப்பிடிக்கா கூப்பிடுவா?"

அவனுக்குப் பெரியம்மா வைத்த பேர்தான் ஊர் முழுக்கத் தெரியும். ஆத்தா கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். கண் இரண்டும் ஊறப்போட்ட பயறு மாதிரி பெரிசு பெரிசாக இருக்கும் என்று அவள் வைத்தது. வேலை விட்டு வரும்போது சரிவின் மேலே நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் கூப்பிடுவாள். அந்தக் குரலில் நான் அதுவரைக்கும் எதையும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏலே மொச்சே... ஏ மொச்சேய்ய்..."

அந்த வீட்டுக்குள் என் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை. மாடிப்படியில் பேத்தி துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தம்பி துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். துண்டுக்குள்ளேயிருந்து சொன்னான்.

"இன்னொருக்கா கூப்பிடுக்கா."

கூப்பிட்டேன்.